நாளைக்கு எத்தனை துணி?

செவிலிமேட்டில் ஒரு பெண்ணின் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பதற்கு முன்னால், அவள் தறியில் என்ன நிறப் பாவு ஏறியிருக்கிறது என்று கேட்க வேண்டும். இதை எனக்கு நர்சிங் பள்ளியில் சொல்லித்தரவில்லை. மோதிர விரலைக் குத்து, முதல் சொட்டைத் துடை, இரண்டாவது சொட்டை எடு என்பதோடு அங்கே பாடம் முடிந்துவிட்டது. இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் மீதிப் பாடம். அரக்கு நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தால் கையை நீட்டுவாள். சந்தன நிறமோ வெள்ளைப் பட்டோ என்றால் கை முந்தானைக்குள் போய்விடும். ஊசி வலிக்குப் பயந்து அல்ல. குத்தின இடம் கசிந்து பாவில் ஒரு புள்ளி பட்டுவிட்டால் கூலியில் பிடித்தம், சில சமயம் சேலையையே அவள் தலையில் கட்டிவிடுவார்கள். ரத்தம் நின்ற பிறகும் தொல்லை உண்டு. காய்ந்த பொறுக்கில் பட்டு இழை மாட்டி அறுந்துபோகும்.

அதனால் நான் என் முறையை மாற்றிக்கொண்டேன். தறி நிறுத்திய பிறகு சாயங்காலத்தில் போவேன். இடது கை, மோதிர விரல், நுனியில் குத்தாமல் பக்கவாட்டில். பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும்வரை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பேன். அந்தச் சில நிமிடப் பேச்சில்தான் என் தொழிலின் பெரும்பகுதி நடந்தது.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் எல்லோருக்கும் நர்சம்மா, சின்னப் பெண்களுக்கு அக்கா. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி சாலையில் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கிறது செவிலிமேடு. ராமானுஜர் பெருமாளுக்கும் தாயாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் சாலைக்கிணறு இந்தப் பக்கம்தான். பேரூராட்சியாக இருந்த ஊர் 2011இல் காஞ்சிபுரம் நகராட்சியோடு சேர்ந்தது. நகராட்சி 2021இல் மாநகராட்சி ஆனது. பலகைகள் மாறின. தறி இருக்கும் வீட்டுக்குள் போனால் வெளிச்சம் மட்டும் அப்படியே மங்கலாகத்தான் இருந்தது.

வெளிச்சத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அப்போது எங்கள் கையில் இருந்தது சாலி கருவி. சின்னக் கண்ணாடிக் குழாயில் அடிக்கோடு வரை நீர்த்த அமிலம் விட வேண்டும். விரலில் இருந்து 20 மைக்ரோலிட்டர் கோடு வரை ரத்தத்தை மெல்லிய குழலில் வாயால் உறிஞ்சி எடுத்து, அமிலத்தில் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். சிவப்பு பழுப்பாக மாறும். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கண்ணாடிக் குச்சியால் கலக்கிக் கலக்கி, பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறம் வரும்வரை பார்க்க வேண்டும். நிறம் ஒத்துவந்ததும் குழாயில் எந்தக் கோட்டில் நீர் நிற்கிறதோ அதுதான் ஹீமோகுளோபின். இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். திண்ணைக்கு வரச் சொன்னால் தெருவே பார்க்கும் என்று கூசுவார்கள். புழக்கடையில் துணி துவைக்கிற கல்லின் மேல் கருவியை வைத்து, சூரியன் இறங்குவதற்குள் அவசர அவசரமாகப் பார்ப்பேன். நாலு சொட்டுத் தண்ணீர் விட்டதுமே நிறம் ஒத்துப்போய்விடும் பெண்கள் இருந்தார்கள். அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பேன். அவளோ உள்ளே உலை வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போவாள்.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராம் இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனால் கடுமையான சோகை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை இருப்பதாக வந்தது. படித்து, வேலைக்குப் போய், மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் மாநிலத்தில் பாதிக்கு மேல். அந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை. என் பதிவேட்டில் அது வருடக் கணக்காக இருந்தது.

குறைவான ரத்தத்துக்குக் காரணம் சாப்பாடு மட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் வருவது குறைவா, போவது அதிகமா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். போவதைப் பற்றிக் கேட்பதற்குத்தான் யாருக்கும் வாய் வருவதில்லை.

நானும் படிவத்தில் இருக்கிறபடிதான் கேட்டுப் பார்த்தேன்.

"மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?"

"வருது நர்சம்மா."

"எத்தனை நாள்?"

"எல்லாருக்கும் போல மூணு நாள்தான்."

எந்த வீட்டில் கேட்டாலும் மூணு நாள். இது எப்படி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவர்கள் சொல்வது ஒதுங்கியிருக்கும் நாள் கணக்கு. தலைக்கு ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் கணக்கு முடிந்தது. ரத்தம் முடிந்ததா என்பது அந்தக் கணக்கில் இல்லை. அதன்பிறகு இப்படிக் கேட்க ஆரம்பித்தேன்: "தலைக்கு ஊத்தின பிறகும் துணி வெச்சியா?"

"வெச்சேன். அது ஒரு அஞ்சாறு நாள் சொட்டிக்கிட்டே இருக்கும்."

"நாளைக்கு எத்தனை துணி? ராத்திரி எழுந்து மாத்துறியா? கட்டி கட்டியா விழுதா? ஒரு ரூபா காசு அளவா, நெல்லிக்காய் அளவா?"

நெல்லிக்காய் என்று சொல்லும்போது பெண்களின் முகம் மாறும். இதைப் பற்றி இவ்வளவு துல்லியமாக ஒருத்தி கேட்கிறாளே என்ற ஆச்சரியம் அது. பிறகு கொட்டித் தீர்த்துவிடுவார்கள். இழை எண்ணி, கட்டு எண்ணி, புட்டாவுக்குப் புட்டா இடைவெளி எண்ணி வேலை செய்கிறவர்கள் அவர்கள். கேட்கிற விதத்தில் கேட்டால் ரத்தத்துக்கும் கணக்குச் சொல்லத் தெரியும். மாமியாருக்கு அவள் எதைத் தொடக்கூடாது என்று தெரியும், எந்தத் தட்டில் சாப்பிட வேண்டும், எந்தப் பாயில் படுக்க வேண்டும் என்று தெரியும். புருஷனுக்கு விலகியிருக்க வேண்டும் என்று தெரியும். தீட்டைப் பற்றி வீட்டில் அத்தனை விதி இருந்தும், எவ்வளவு போகிறது என்று அந்த வீட்டில் ஒருவர்கூட அவளைக் கேட்டதில்லை. என் பணிக்காலம் முழுக்க என்னை உறுத்திய விஷயம் இதுதான்.

சாதாரணமாக ஒரு மாதத்தில் போகும் ரத்தம் 30, 40 மில்லிதான். 80 மில்லிக்கு மேல் போனால் அது பெரும்பாடு, வைத்தியம் பார்க்க வேண்டியது. மில்லி கணக்கை வீட்டில் அளக்க முடியாது. ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தால், நெல்லிக்காய் அளவு கட்டி விழுந்தால் என்னிடம் வா என்று சொல்வேன். காரணம் பலதாக இருக்கும். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, தைராய்டு, மாதவிலக்கு நிற்கப்போகும் வயதின் தடுமாற்றம். பிரசவத்தோடு காப்பர்-டி போட்டுக்கொண்டவர்களுக்கு முதல் சில மாதம் அதிகமாகப் போகும். அதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாததால் பயந்துபோய் எடுத்துவிடச் சொல்லி வந்தவர்கள் நிறைய.

இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் தனிக் கலை. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முதலிலேயே சொல்லாவிட்டால் நாலாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போய்விடும். தறி வீட்டில் டீ ஓயாது. நாடா ஓட்டுகிற இடத்துக்கே தம்ளர் வரும். மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடம்பில் பாதிகூடச் சேராது. டீக்கும் மாத்திரைக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடு, எலுமிச்சம்பழத் தண்ணீரில் போடு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டிருக்கிறது.

தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பெண்ணின் உடம்பு தறியோடு சேர்ந்தே இருக்கிறது. குழித்தறியில் குழிக்குள் காலை விட்டு, மிதியை மிதித்துக்கொண்டு, முன்னால் குனிந்தபடி மணிக்கணக்கில் உட்கார வேண்டும். எழுந்து போய் வருவதென்றால் ஓட்டம் அறுந்துபோகும் என்று சிறுநீரை அடக்கிக்கொள்வார்கள், அடக்குவதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைப்பார்கள். சிறுநீர்த் தாரையில் எரிச்சலோடு வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது தறியைப் பற்றித்தான். விலக்கு நாளில் பழைய பருத்திச் சேலைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு அந்தக் குழியில் உட்கார்ந்தால், மதியத்துக்குள் துணியின் ஓரம் விறைத்துத் தொடையிடுக்கில் தோல் உரிந்துவிடும். துவைத்த துணியையும் வெயிலில் போட மாட்டார்கள். யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில், ஓலைச் சந்தில், குளியலறை மூலையில் ஈரமாகவே கிடக்கும். அதை மறுபடி வைத்துக்கொண்டால் அரிப்பும் வெள்ளைப்படுதலும். துணி கெட்டது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் பருத்தித் துணி போதும். அந்த வெயிலைத்தான் வெட்கம் மறைத்து நிற்கிறது.

கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா. கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், பல வீடுகளில் மனைவி அந்த இடத்துக்கு வந்தாள். அவள் எழுந்துவிட்டால் அவன் வேலையும் நின்றுவிடும். நான் வந்த புதிதில் சில வீடுகளில் தூரமானவள் தறியைத் தொடக்கூடாது, பாவின் மேல் நிழல்கூடப் படக்கூடாது என்பார்கள். மாதத்தில் மூன்று நாள் கூலி போவதை எந்தக் கடன்கார வீடு தாங்கும்? முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீட்டுப் பார்க்காது. தறிக்கான விலக்கு மெதுவாகக் காணாமல் போயிற்று. அடுப்படிக்கும் சாமி அறைக்கும் மட்டும் அப்படியே இருந்தது. ஆக, மூன்று நாளும் தறியில் உட்கார்ந்து வேலை செய்தாள், இரவில் மட்டும் தனிப் பாயில் புழக்கடை ஓரம் படுத்தாள். ஓய்வு போய்விட்டது, ஒதுக்கல் மிஞ்சியது.

ஒரு ஆயா என்னிடம் கோபமாகவே கேட்டாள்: "நீங்கல்லாம் வந்து தூரத்தை ஒழிக்கணும்னு சொல்றீங்க. எங்க காலத்துல அந்த மூணு நாள்தான்மா இடுப்பு தரையில பட்டுது." அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட முடியாது. உடம்பு வலிக்கும்போது படுத்துக்கொள்ள ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஒரே அனுமதிச்சீட்டு, தான் அசுத்தம் என்று ஒப்புக்கொள்வது. படுக்க இடமும் வேண்டும், அசுத்தம் என்ற பேரும் வேண்டாம் என்று அவள் பேத்தி கேட்டால் அதில் பேராசை எதுவும் இல்லை.

அரசாங்கத்தின் புதுயுகம் திட்டம் 2011இல் அறிவிக்கப்பட்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. 10 முதல் 19 வயது வரை உள்ள கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசம். ஒரு பொட்டலத்தில் ஆறு, வருடத்துக்குப் பதினெட்டுப் பொட்டலம். பள்ளியில் நானே விநியோகித்திருக்கிறேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுங்கள் என்று கேட்ட ஆசிரியையிடம், இதில் மறைக்க என்ன இருக்கிறது டீச்சர் என்று வெளிப்படையாகவே கொடுத்தேன். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு ஒன்பது. ஐந்து நாள், நாளைக்கு நாலு என்று மாற்றினால் இருபது வேண்டும். ஒன்பதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? காலையில் வைத்ததைப் பள்ளிவிட்டு வீட்டுக்கு வந்துதான் எடுப்பாள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றை வைத்திருக்காதே, பள்ளிக்கு இதை வை, வீட்டில் சுத்தமான துணி வை என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் முருகானந்தம் கண்டுபிடித்த சின்ன இயந்திரத்தைப் பற்றியும், அதற்காக அவர் பட்ட அவமானத்தைப் பற்றியும் பிள்ளைகளிடம் சொல்வேன். ஒரு ஆம்பிளை இதற்காகப் பத்மஸ்ரீ வாங்கினாரா என்று வாயைப் பிளப்பார்கள்.

பள்ளிப் பேச்சில் எனக்குப் பிடித்தது கேள்விப் பெட்டி. பெயர் போடாமல் எழுதிப் போடச் சொல்வேன். மூத்திரம் வருகிற இடத்திலிருந்துதான் ரத்தமும் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டாவது இருக்கும். தெருவெல்லாம் பேனர் வைத்து, மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர்வரிசைத் தட்டோடு மேளதாளம் வர, மஞ்சள் நீராட்டு நடந்த பெண் எழுதிய சீட்டாக அது இருக்கும். ஊருக்கே அறிவித்தார்கள், அவளுக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. கரும்பலகையில் படம் வரைந்து, சிறுநீருக்கு ஒரு வழி, மாதவிலக்குக்கும் பிரசவத்துக்கும் இன்னொரு வழி என்று காட்டுவேன். வகுப்பு கப்சிப் என்று இருக்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று அந்த நாட்களில் ஊட்டுகிறார்களே, அது அருமையான பழக்கம். சடங்கு முடிந்ததும் அதே பெண் காலையில் டீயும் பன்னும் தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறாள் என்பதுதான் என் வருத்தம். உளுந்தைச் சடங்கோடு நிறுத்தாதீர்கள் என்று தாய்மார்களிடம் மன்றாடியிருக்கிறேன்.

கோயில் ஊரில் நர்சாக இருப்பவளுக்கு இன்னொரு பாடமும் உண்டு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை நெருங்கும்போது, அல்லது வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வரும்போது, குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார்கள். "நர்சம்மா, தள்ளிப்போடுற மாத்திரை எழுதிக் குடுங்க."

2019இல் அத்திவரதர் வந்தபோது இது அலையாக வந்தது. அனந்தசரஸ் குளத்திலிருந்து நாற்பது வருடத்துக்கு ஒருமுறை எழுந்தருளும் பெருமாள். அதற்கு முன்னால் 1979. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். ஒரு கோடிப் பேருக்கு மேல் ஊருக்குள் வந்து போனார்கள். அடுத்தது 2059. நாற்பது வயதுப் பெண்ணுக்கு இதை விட்டால் இந்த ஜன்மத்தில் கிடையாது என்பது நிச்சயம். சயனம் ஒருமுறை, நின்ற கோலம் ஒருமுறை என்று இரண்டையும் சேவிக்க வேண்டும், வெளியூரிலிருந்து நாத்தனார்கள் வந்து தங்குவார்கள், சமைக்க வேண்டும், எந்த நாளும் விலக்காகக் கூடாது. சிலர் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி, ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்து, கடைசியில் விடாமல் கொட்டும் ரத்தத்தோடு என்னிடம் வந்தார்கள்.

அந்த மாத்திரை நோரெதிஸ்டெரோன். வழக்கமாக 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை, விலக்கு வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்னால் தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்காகும். வந்துவிட்ட பிறகு போட்டால் பயனில்லை. ரத்தம் உறைந்த நோய் முன்பு இருந்தவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் தொடவே கூடாது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எழுதிக்கொடுக்க வேண்டியது மருத்துவர், நான் இல்லை. பெருமாளுக்கு எல்லாம் தெரியும், பேசாமல் போய் சேவி என்று ஒருத்தியிடம் சொன்னேன். "பெருமாளுக்குத் தெரியும்மா, என் மாமியாருக்கும் தெரியுமே" என்றாள். அவளுக்கு அது வேடிக்கைப் பேச்சு இல்லை, கண் கலங்கியிருந்தது. மருத்துவரிடம் கூட்டிப்போய், ரத்த அழுத்தம் பார்த்து, முறையாக வாங்கிக் கொடுத்தேன். அவள் நம்பிக்கையைத் திருத்துவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை. அவள் கல்லீரலையும் கால் நரம்பையும் காப்பது என் வேலை.

இதே தெருப் பெண்கள் மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டிச் சிவப்புச் சேலையில் போகிறார்கள். அங்கே விலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூஜை செய்யலாம். பங்காரு அடிகளார் ஏற்படுத்திய வழக்கம் அது. ஒரே பெண், ஒரே உடம்பு. காஞ்சிபுரத்தில் மாத்திரை போடுகிறாள், மேல்மருவத்தூரில் அபிஷேகம் செய்கிறாள். விதி எங்கிருந்து வருகிறது என்று எந்தப் பேச்சாளரும் அவளுக்கு விளக்கத் தேவையில்லை. அவள் இரண்டையும் பார்த்திருக்கிறாள்.

இப்போது தறி குறைந்துவிட்டது. நெசவாளர் வீட்டுப் பெண்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேனில் போகிறார்கள். ஷிப்ட் வேலை, கழிவறைக்குப் போக முறை வைத்து அனுமதி. வலி என்றால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருவார் என்றாள் ஒரு பெண். அட்டையைக் காட்டு என்றேன். அட்டை இல்லை, கையில் உதிரியாகத் தருவார்களாம். எனக்குப் பகீரென்றது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை, நூற்பாலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் விசாரித்தபோது, பெயரில்லாத மாத்திரைகள் மாதவிலக்கு வலிக்குக் கொடுக்கப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். என்ன மருந்து என்று தெரியாமல் எதையும் விழுங்காதே, பெயர் கேள், அட்டையை வாங்கு, அது உன் உரிமை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டால் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்துக்கு என்னிடம் மாத்திரை இல்லை.

முப்பத்தைந்து நாற்பது வயதில் "எடுத்துட்டேன் நர்சம்மா, தொல்லை விட்டுது" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். கர்ப்பப்பையைத்தான் சொல்கிறார்கள். தேவைப்பட்டு எடுத்தவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் சாதாரண வெள்ளைப்படுதலுக்கும், மாத்திரையில் அடங்கக்கூடிய பெரும்பாட்டுக்கும் எடுத்தவர்களும் உண்டு. விட்டுவைத்தால் கேன்சர் ஆகிவிடும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் பயமுறுத்தியதாக ஒருத்தி சொன்னாள். ஸ்கேன் அறிக்கையில் இருந்தது ஒரு சின்ன நார்க்கட்டி. சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். எலும்புத் தேய்மானமும் உடம்பெல்லாம் அனலும் அவளுக்கு நாற்பதுக்குள்ளேயே வந்துவிட்டன. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் வளையம் இருக்கிறது. கத்தி கடைசி வழி. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைக் கண்காணிக்கச் சொல்லி 2023இல் உச்சநீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம், முடிந்தால் அரசு மருத்துவமனையில், கேட்காமல் கையெழுத்துப் போடாதே என்று வீடு வீடாகச் சொன்னேன்.

உண்மையான கேன்சர் பயம் வேறிடத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காரப்பேட்டை என்ற பெயர் கேட்டாலே உடம்பு நடுங்கும். இந்த ஊரில் பிறந்து, 1969இல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் அங்கே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. "காரப்பேட்டைக்கு எழுதிட்டாங்க" என்றால் வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. அதனால்தான் பரிசோதனைக்கே வர மறுக்கிறார்கள். தெரிந்துகொள்ளாமல் இருந்தால் நோய் இருக்காது என்று ஒரு நம்பிக்கை.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை எவ்வளவு எளிது என்று அவர்களுக்குத் தெரியாது. காடி போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து வெறும் கண்ணால் பார்ப்பது. சந்தேகமான இடம் வெளுத்துக் காட்டும். இது பலன் தருமா என்று உலகத்துக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டம்தான். அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இந்தச் சோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. நோய் வருவது 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. அந்தச் செய்தியை எங்கள் பயிற்சியில் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் மாதிரிப் பெண்கள் கையால் செய்த வேலை.

சோதனைக்கு அழைத்துப் போவது மட்டும் எளிதில்லை. பேறுகாலத்துக்குப் பிறகு ஒரு டாக்டர்கூட என்னைத் தொட்டதில்லை என்பார்கள். புருஷனைக் கேட்க வேண்டும் என்பார்கள். நான் தனியாக ஒருத்தியை அழைத்ததில்லை. அக்கா தங்கை, ஓரகத்தி, பக்கத்து வீடு என்று மூன்று நான்கு பேராகச் சேர்த்து, தறிக்கு விடுமுறையான அமாவாசையன்று கூட்டிப்போவேன். ஒருத்தி உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து "அவ்ளோதானா" என்றால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு குழுவோடு வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள், தார் சுற்றிப் பிழைக்கும் ஒரு பெரியம்மா. அவளுக்கு விலக்கு நின்று பல வருடம். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு எத்தனை துணி, கட்டி விழுதா. கேட்டுக்கொண்டே இருந்தவள் மெதுவாக என் கையைப் பிடித்தாள். "நின்னு போன பிறகு வந்தா அதுவும் கணக்கா நர்சம்மா?"

"எவ்வளவு நாளா?"

"தைப்பொங்கல்லேருந்து. அப்பப்ப ஒரு சொட்டு. இந்த வயசுல இதை யாருகிட்ட சொல்றது?"

நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அந்த வாரமே பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் யாரும் இதை மட்டும் மறந்துவிட வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டினேன். காரப்பேட்டைக்கு எழுதினார்கள். நானும் அவள் மகனும் உடன் போனோம். ஆரம்ப நிலை. கதிர்வீச்சு கொடுத்தார்கள், களைத்துப்போனாள், முடிந்து வீட்டுக்கு வந்தாள், மறுபடி ராட்டையில் உட்கார்ந்தாள். இரண்டு மருமகள்களையும் அடுத்த அமாவாசைக்கு அவளே அழைத்து வந்தாள். பெரிய மருமகள் தயங்கி நின்றபோது, தெருவில் வைத்தே, குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள்: "தலைக்கு ஊத்தின பிறகும் துணி வெக்கிறியா, இல்லியா? நர்சம்மாகிட்ட ஒழுங்கா சொல்லு."